ஆட்டன்பரோக்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா?

ரிச்சர்ட் ஆட்டன்பரோவை நமக்கு ‘காந்தி’ படத்தின் இயக்குநராகத் தெரியும். 1982இல் வெளிவந்து எட்டு ஆஸ்கர் விருதுகளை அள்ளிய படம் அது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் லக்னோவை விழுங்க வந்த ஜெனரல் ஊட்ரமாக நடித்தவரும் அவர்தான். அவருடைய தம்பி டேவிட்டின் குரலைக் கேட்காமல் காட்டுயிர் ஆவணப்படம் பார்த்து வளர்ந்தவர்கள் குறைவு. இந்த இரண்டு பேரைத் தவிர மூன்றாவதாக ஓர் ஆட்டன்பரோவைச் சொல்லச் சொன்னால் பலருக்கும் திணறல்தான். இங்கிலாந்திலேயே அது அரிதான குடும்பப் பெயர்.

அந்த அரிதான பெயரோடு பிறந்த ஆண்களின் டி.என்.ஏ.வை லெஸ்டர் பல்கலைக்கழக மரபியலாளர்கள் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் ஆராய்ந்தார்கள். 2009இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித் என்ற பெயர்க்காரர்களைச் சோதித்தால், தெருவில் போகிற யாரோ நாலு பேரைப் பிடித்துச் சோதித்ததுபோல ஆளுக்கொரு மரபு வகை வந்தது. ஆட்டன்பரோக்களிலோ பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம். ஒருவரையொருவர் பார்த்தே இராத அந்த மனிதர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஆணின் வாரிசுகள்.

இதில் ஒரு வேடிக்கையான தற்செயலும் இருக்கிறது. ரிச்சர்டும் டேவிட்டும் சிறுவயதில் வளர்ந்தது அதே லெஸ்டர் கல்லூரி வளாகத்தில். அவர்களுடைய அப்பா ஃப்ரெடரிக் ஆட்டன்பரோ 1932 முதல் அந்தக் கல்லூரியின் முதல்வர். கல்லூரி 1957இல் பல்கலைக்கழகமானது. 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். பெயரும் மரபணுவும் ஒரே வளாகத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

பெயர் எங்கிருந்து வந்தது என்பது சிக்கலில்லாத கேள்வி. நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரெண்ட் ஆற்றங்கரையில் ஆட்டன்பரோ என்றொரு கிராமம் உண்டு. மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனுமான ஹென்றி அயர்ட்டன் பிறந்த ஊர். ஊரை ஒட்டிச் சரளைக்கல் வெட்டியெடுத்த பள்ளங்கள் ஏரிகளாகி, பறவைகள் வந்தடைந்து, 1966இல் இயற்கைக் காப்பகமாயின. திறந்து வைக்க யாரை அழைத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? டேவிட் ஆட்டன்பரோவைத்தான்.

ஊர்ப்பெயர் ஆள்பெயராவதில் ஒரு நுட்பம் உண்டு. ஊரிலேயே இருப்பவனை ஊர்ப்பெயரால் யாரும் அழைக்க மாட்டார்கள். அங்கே எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள். ஊரைவிட்டுக் கிளம்பி வேறு ஊரில் குடியேறியவனைத்தான் ‘இன்ன ஊர்க்காரன்’ என்பார்கள். ஆகவே ஓர் ஊரின் பெயரைச் சுமக்கும் குடும்பம் பெரும்பாலும் அந்த ஊரைவிட்டு வந்த ஒருவனில் தொடங்குகிறது.

இந்தப் பெயர்கள் நிலைத்ததற்கு அரசும் நிலமும் காரணம். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது சாதாரண ஆங்கிலேயனுக்கு ஒரே பெயர்தான். உடன் ஒட்டிக்கொண்ட அடைமொழி அவன் காலத்தோடு போய்விடும்: ஜானின் மகன் வில்லியம், அவன் மகன் வேறொரு பட்டத்தோடு. நார்மானியப் பிரபுக்கள் தங்கள் பண்ணைகளின் பெயரைத் தலைமுறைதோறும் சுமந்தார்கள். பெயர் சொத்துரிமைக்குச் சான்றாயிற்று. அந்த வழக்கம் மேலிருந்து கீழே இறங்கி, 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களைத் தொட்டுவிட்டது. வடக்கே சற்றுத் தாமதம். இடையில் 1377, 1379, 1381 என மூன்று தலைவரிகள். வரி கட்டியவனையும் கட்டாதவனையும் எழுத்தில் பிரித்துக்காட்ட ஒரு ஜான் போதவில்லை. மூன்றாவது வரி பெரும் விவசாயிகள் கலகத்தில் முடிந்தது. கலகத்தின் தலைவன் வாட் டைலர். ஓடு வேய்கிறவன் என்ற தொழில்பெயர் அவனுக்கு. 1538இல் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என ஆணையிட்டார். அதன் பிறகு பெயர்கள் எளிதில் நழுவவில்லை. ஆனால் எழுத்துக்கூட்டல் நழுவியது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். இன்று ‘அரிதான பெயர்’ என்று பெருமைப்படும் சில, ஏதோ ஓர் எழுத்தரின் அரைத்தூக்கத்தில் பிறந்தவை.

ஆங்கிலேயக் குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஒய் குரோமோசோமும் அப்படியே. மற்ற குரோமோசோம்கள் எல்லாம் தலைமுறைதோறும் அம்மா பங்கும் அப்பா பங்கும் சீட்டுக்கட்டுபோலக் கலைக்கப்பட்டு வருபவை. ஒய்க்குக் கலந்துகொள்ள ஜோடியில்லை. ஏறக்குறைய 6 கோடி எழுத்துகள் கொண்ட அந்தத் தொடர், நுனிகள் நீங்கலாக, அப்படியே நகலெடுக்கப்பட்டு மகனுக்குப் போகிறது. நகலில் எப்போதாவது பிழை வரும். சில இடங்களில் நாலைந்து எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகின்றன: ஒருவருக்கு 13 முறை, இன்னொருவருக்கு 14 முறை. இத்தகைய ஓர் இடத்தில் எண்ணிக்கை மாறுவது சுமார் ஐந்நூறு பிறப்புகளுக்கு ஒருமுறை. பதினேழு இடங்களை எண்ணிப் பார்த்தால், முப்பது தலைமுறைக்கு ஒரு மாற்றம் எதிர்பார்க்கலாம். 1350இல் வாழ்ந்த ஒருவரின் இரண்டு மகன்கள் வழியாக இன்றுவரை வந்த இருவருக்கு நடுவே ஒன்றிரண்டு வித்தியாசங்கள் மட்டுமே இருக்கும். அந்நியர்கள் இருவருக்கு நடுவே அதைவிட மிக அதிகம். உறவைக் கண்டுபிடிப்பது இந்த எளிய எண்ணிக்கையால்தான்.

அப்படியானால் ஆட்டன்பரோ கிராமத்திலிருந்து கிளம்பிய ஒரே ஒருவன் இந்த வம்சத்தைத் தொடங்கினான் என்று முடிவுகட்டலாமா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. அந்தக் கிராமத்திலிருந்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆண்கள் கிளம்பி, அதே பெயரைப் பெற்றிருக்கலாம். மற்றவர்களின் வழி அற்றுப்போய், ஒருவனின் வழி மட்டும் தப்பியிருந்தாலும் இன்று நாம் காண்பது இதே காட்சியைத்தான்.

வழி அற்றுப்போவது எவ்வளவு சாதாரணம் என்பதை விக்டோரியா காலத்தில் ஃபிரான்சிஸ் கால்டன் கேள்வியாக எழுப்பினார். சார்லஸ் டார்வினின் உறவினர். மேன்மக்கள் மட்டும் பெருக வேண்டும் என்ற விபரீதக் கொள்கைக்குப் பெயரிட்டவர். பிரபுக் குடும்பங்கள் ஏன் இப்படி ஒவ்வொன்றாக மறைகின்றன என்பது அவர் கவலை. சுகவாழ்வு பிள்ளைப்பேற்றைக் கெடுக்கிறது என்று சிலர் சொன்னார்கள். சொத்துக்காக, உடன்பிறப்பில்லாத வாரிசுப் பெண்களை மணப்பதால்தான் வம்சம் குன்றுகிறது என்று கால்டனே ஒருமுறை எழுதியிருந்தார். ஆனால் இவை எதுவும் இல்லாமல், வெறும் தற்செயலே பெயர்களை அழிக்கக்கூடுமா? 1873இல் ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ இதழில் அதைக் கணக்காகப் போட்டார். பாதிரியாரும் கணிதருமான ஹென்றி வில்லியம் வாட்சன் விடை கொடுத்தார். மறு ஆண்டு இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நூறு ஆண்கள், நூறு பெயர்கள். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். ஆனால் சிலருக்கு மூன்று, சிலருக்கு ஒன்றுமில்லை. வழக்கமான நிகழ்தகவுப் பகிர்வின்படி முதல் தலைமுறையிலேயே 37 பெயர்கள் போய்விடும். பத்துத் தலைமுறையில் 84. இருபது தலைமுறையில், அதாவது 1350க்கும் நம் காலத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில், 91. மொத்த ஆண்களின் எண்ணிக்கை மட்டும் அதே நூறு. மிஞ்சிய ஒன்பது பெயர்கள் நூறு பேரையும் பங்கிட்டுக்கொள்கின்றன. நோயில்லை, போரில்லை, யாருடைய குற்றமுமில்லை.

நிஜ இங்கிலாந்தில் நோயும் இருந்தது. 1348–49 கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாரிக்கொண்டு போனது. பெயர்கள் அப்போதுதான் வேர்விடத் தொடங்கியிருந்தன. ஒருவனோ இருவரோ மட்டும் சுமந்த பெயர்கள் எத்தனை அந்தக் குழிகளில் புதைந்தனவோ.

வாட்சன் தம் விடையில் ஒரு தவறு செய்தார். எல்லாப் பெயர்களும் என்றாவது அழிந்தே தீரும் என்றார். சராசரி மகன்கள் ஒன்றுக்கு மேல் போகாதவரை அது சரி. மக்கள்தொகை பெருகினால் ஒரு பகுதி பெயர்கள் என்றென்றைக்கும் பிழைக்கலாம். சமன்பாட்டில் அந்த இரண்டாவது விடையை அவர் கவனிக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகே அது முழுமையாகத் திருத்தப்பட்டது. பெருகிவந்த அமெரிக்க மக்கள்தொகையின் எண்களைக் கொண்டு 1931இல் ஆல்ஃப்ரெட் லோட்கா கணக்கிட்டபோதும், ஓர் ஆணின் நேர் ஆண்வழி அற்றுப்போகும் வாய்ப்பு 0.82 அளவுக்கு வந்தது. 1944இல் லாஸ் அலமோஸில் டேவிட் ஹாக்கின்ஸும் ஸ்டானிஸ்லா உலாமும் எடுத்தாண்டதும் இதே வகைக் கணிதம்தான். அங்கே மகன்களுக்குப் பதில் நியூட்ரான்கள். ஒரு நியூட்ரான் சராசரியாக ஒன்றுக்கு மேல் பெற்றால் குண்டு வெடிக்கும். பிரபுக்களின் வாரிசுக் கவலை அணுகுண்டு வரை போனதை வாட்சன் பாதிரியார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். கால்டனுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஆக, ‘ஒரே மூதாதை’ என்பது வம்சம் தொடங்கிய மாவீரன் என்று பொருள்படாது. சல்லடையில் மிஞ்சியவன், அவ்வளவே. ஸ்மித்துகளிடம் இது நடக்காததற்கும் காரணம் எளிது: ஸ்மித் என்றால் கொல்லன், ஊருக்கு ஊர் ஒருவன் இருந்தான், ஆயிரக்கணக்கான தொடக்கங்கள், எத்தனை அழிந்தாலும் ஏராளமாக மிச்சம். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அது ஒரே குடும்பமாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

பெயரையும் ஒய்யையும் ஒப்பிடும் இந்த வழியில் முதலில் நடந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ். தம் பெயரையே சோதனைப் பொருளாக்கினார். சைக்ஸ் என்பது யார்க்‌ஷயர்ப் பேச்சில் சிற்றோடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்த மலைச்சரிவுகளில் ஓடைக்கா பஞ்சம்? ஆகவே பல தொடக்கங்கள் இருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். 2000இல் வெளியான முடிவில், சோதிக்கப்பட்ட 48 சைக்ஸ்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரே ஒய் வகையைச் சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் சிதறிக் கிடந்தார்கள், அவர்களை இணைக்கும் இன்னொரு பெரிய குழு இல்லை. ஒரு தொடக்கம், பிறகு பல உடைசல்கள் என்று அவர் வாசித்தார்.

உடைசல் என்றதும் மனைவியின் கற்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பத்திரிகைகள் இந்தத் துறையைச் சுற்றி வருவதே அதற்காகத்தான் என்று சில சமயம் தோன்றும். உண்மை அதைவிட அலுப்பானது. தத்தெடுத்த பிள்ளை புதுப்பெயர் பெறும். விதவை மறுமணம் செய்தால் முதல் கணவனின் மகன் இரண்டாமவன் பெயரில் வளர்வான். மணமாகாத தாயின் பிள்ளை அவள் அப்பா பெயரைச் சுமக்கும். எல்லாக் காரணங்களையும் சேர்த்துத் தலைமுறைக்கு நூற்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டாலே, இருபது தலைமுறையில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் பெயரும் குரோமோசோமும் பிரிந்திருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஆட்டன்பரோக்களின் பத்தில் ஒன்பது பங்கு வியப்பானதுதான். ஆனால் உடைந்த கிளைகளும் அதே சல்லடையில் அற்றுப்போகும் என்பதை மறக்கக் கூடாது.

சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட பெரிய மனிதர்களும் உண்டு. ஹியூ ஸ்மித்சன் என்பவர் பெர்சி குலத்துப் பெண்ணை மணந்து, 1750இல் பெர்சி என்று பெயர் மாறி, பின்னாளில் நார்தம்பர்லாந்து கோமகனானார். அவருக்குத் திருமணத்துக்கு வெளியே எலிசபெத் மேசி என்ற சீமாட்டியிடம் ஒரு மகன். தாயின் பெயரோடு ஜேம்ஸ் மேசியாக வளர்ந்த அவர், பெற்றோர் காலத்துக்குப் பின் தந்தை கைவிட்ட ஸ்மித்சன் என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டார். சட்டப்படியான வாரிசுகள் பெர்சிகள். சட்டத்துக்கு வெளியே பிறந்தவர் ஸ்மித்சன். ஒய் குரோமோசோமின் கண்ணோட்டத்தில் இவர்தான் பெயரைச் சரியாக வைத்திருந்தார். வேதியியலாளரான அவர் தம் சொத்தை, கால்வைத்தே இராத அமெரிக்காவுக்குப் போய்ச் சேரும்படி எழுதிவைத்தார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதிலிருந்து 1846இல் எழுந்தது.

அரச குலமும் தப்பவில்லை. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகள் கிடைத்தன. தாய்வழியில் வரும் டி.என்.ஏ., அவருடைய சகோதரியின் வழிவந்த இருவரோடு பொருந்தியது. ஆண்வழிக்கு, மன்னரோடு ஒரே ஆண்வழி என்று கருதப்பட்ட ஐந்தாம் பியூஃபோர்ட் கோமகன் வழிவந்த ஐந்து சாமர்செட்களைத் தேடிப் பிடித்தார்கள். சாமர்செட் என்ற அந்தக் குடும்பப் பெயரே ஒரு கோமகனின் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனில் தொடங்கியது. ஐவரில் நால்வரின் ஒய் ஒத்துப்போனது, ஐந்தாமவருடையது வேறு. அந்த நால்வருடையதும் மன்னருடையதோடு பொருந்தவில்லை. மன்னருக்கும் அந்தக் கோமகனுக்கும் நடுவே 19 தந்தை–மகன் கண்ணிகள். எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இந்த ஆய்வையும் நடத்தியவர் டூரி கிங்.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடச் சுவையான கதை, மன்னர்களும் கோமகன்களும் இல்லாத ஒன்று. கிழக்கு யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய குடும்பப் பெயர். அந்தப் பெயருள்ள ஓர் ஆங்கிலேயர் லெஸ்டர் ஆய்வுக்கு மாதிரி கொடுத்தார். அவருடைய ஒய், ஏ1 என்ற வகையைச் சேர்ந்ததாக இருந்தது. மனித ஆண்வழி மரத்தின் மிகப் பழைய கிளையைச் சேர்ந்த வகை அது. ஆப்பிரிக்கர்களுக்கே உரியதென்று கருதப்பட்டது. மேற்கு ஐரோப்பாவில் அதுவரை ஒருவரிடமும் பதிவாகவில்லை. ஒப்பிட்டுப் பார்த்ததில் மேற்கு ஆப்பிரிக்கச் சாயல். அவருடைய குடும்பத்தில் ஆப்பிரிக்க மூதாதை பற்றிய நினைவே இல்லை.

ஆய்வாளர்கள் அதே பெயருள்ள வேறு ஆண்களைத் தேடினார்கள். 18 பேரில் 7 பேரிடம் அதே வகை. பதிவேடுகளைப் புரட்டியதில் அவர்கள் இரண்டு வம்சங்களாகப் பிரிந்தார்கள்; இரண்டின் மூதாதையரும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யார்க்‌ஷயரில் வாழ்ந்தவர்கள். இரண்டும் அதற்குச் சில தலைமுறைகள் முன்பு ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பதை 77 இடங்களில் எடுத்த எண்ணிக்கை காட்டியது. ‘யார்க்‌ஷயரில் ஆப்பிரிக்கர்களா?’ என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2007இல் கட்டுரை வெளிவந்தது.

அந்த ஆப்பிரிக்கர் எப்போது வந்தார்? ரோமானியர் காலத்தில் ஹேட்ரியன் சுவரின் மேற்குப் பகுதியில் மூர் படைப்பிரிவு ஒன்று காவலிருந்தது. இன்றைய லிபியாவில் பிறந்த பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் 211இல் இறந்ததே யார்க் நகரில்தான். அடிமை வணிகம் உச்சத்திலிருந்த 18ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க வேலையாட்களும் மாலுமிகளும் இங்கிலாந்தின் பல ஊர்களில் இருந்தார்கள். இவற்றில் எதுவும் சாத்தியம். எது நடந்திருந்தாலும் ஒரு கணக்கு மட்டும் மாறாது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அவர்களில் ஒருவர் ஆப்பிரிக்கர் என்றால் சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்குதான் அவருடையதாக மிஞ்சும். தோல், முடி, முகம் எதிலும் தடயமிராது. ஒய் மட்டும் கரையாமல் வந்திருக்கிறது. ஒய்யை வைத்து ஒருவர் ‘எங்கிருந்து வந்தவர்’ என்று சொல்லும் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது: அந்த ஏழு பேரின் மீதி மூதாதையர் ஆயிரம் பேரையும் பற்றி அது வாய் திறப்பதில்லை.

அந்தக் குடும்பப் பெயரை ஆய்வுக் கட்டுரை வெளியிடவில்லை. நானும் இங்கே எழுதவில்லை. அரிதான பெயர் என்பது கிட்டத்தட்ட வீட்டு முகவரி. ஸ்மித் என்று சொன்னால் யாரையும் காட்டிக்கொடுத்ததாகாது. சில நூறு பேர் மட்டும் சுமக்கும் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே புரிந்துவிடும்.

இதன் மறுபக்கத்தையும் லெஸ்டர் குழு 2006இலேயே பார்த்திருந்தது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ஒய்யைக் கொண்டு குற்றவாளியின் பெயரை ஊகிக்க முடியுமா? பரவலான பெயர்களுக்கு முடியாது. அரிய பெயர்களுக்கு ஓரளவு முடியும் என்பது அவர்கள் முடிவு. பெயர்களும் ஒய்களும் கொண்ட பெரிய தரவுத்தளம் மட்டும் வேண்டும். அதைக் காவல்துறை கட்ட வேண்டியிருக்கவில்லை. வம்சாவளி தேடும் ஆர்வலர்கள் தாங்களே தங்கள் பெயரையும் ஒய் எண்களையும் இலவச இணையத் தளங்களில் ஏற்றிவைத்தார்கள். 2013இல் மெலிசா கிம்ரெக், யானிவ் எர்லிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். மரபணு விஞ்ஞானி கிரெய்க் வெண்டரின் ஜீனோம் ஏற்கெனவே பொதுவில் இருந்தது. அதன் ஒய் எண்களைப் போட்டதும் வெண்டர் என்ற பெயரே வந்து நின்றது. பெயரோடு பிறந்த ஆண்டும் மாநிலமும் சேர்த்துத் தேடியதில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் அவர். பிறகு, பெயர் மறைத்து ஆய்வுக்காக வெளியிடப்பட்ட ஜீனோம்களை எடுத்தார்கள். உறவினர்களையும் சேர்த்து ஏறக்குறைய ஐம்பது பேரின் அடையாளம் தெரிந்துவிட்டது. திருட்டு இல்லை, ஊடுருவல் இல்லை. எல்லாம் திறந்திருந்த தகவல்.

அவர்கள் எதையும் வெளியிடவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தார்கள். நிறுவனம் அந்தத் தொகுப்பிலிருந்த வயது விவரங்களைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. கண்டுபிடிக்க உதவிய தளங்களில் ஒன்றான ஒய்சர்ச், ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 மே மாதத்தில் மூடப்பட்டது.